முதல் செவ்வாய்க்கிழமை மீன்கள்

அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் தொட்டி விற்கிறவளையும் சவப்பெட்டி விற்கிறவரையும் முதலாளிமார் ஒரே மாதிரித்தான் வரவேற்பார்கள்: ஒருநாள் தேவைப்படும் என்று தெரியும், ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

பதினாறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. தொட்டிகளைச் செய்வது கொழும்பில் இருக்கும் ஒரு கம்பனி. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் உள்ள பெக்டரி, பண்ணை, லொட்ஜ் எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, ‘உங்கள் கழிவுத் தண்ணீரை அப்படியே களப்புக்கும் கடலுக்கும் விடாதீர்கள், இந்தத் தொட்டியைக் கட்டுங்கள்’ என்று கெஞ்சுவது நான். வான் ஓட்டுவது புத்தளத்து நவ்பர் நானா. யாருமே கேட்காத பொருளை விற்றுத் திரிந்தவர்களுக்கும் படிவம் நிரப்பியே கண் பூத்தவர்களுக்கும் என் வயிற்றெரிச்சல் சொல்லாமலே விளங்கும்.

ஒரு கம்பனி தொட்டி கட்டச் சம்மதித்ததும் நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ‘இந்நிறுவனம் இத்தொழில்நுட்பத்தை ஏற்றுக்கொண்ட காரணம்’ என்று அதில் ஒரு கேள்வி. கீழே ஐந்து கட்டங்கள்: சட்டம், வெளிநாட்டு வாங்குபவர், செலவு மிச்சம், நற்பெயர், வேறு. முதல் நான்கில் ஒன்றுக்குச் சரி போட்டால் கொழும்பு சந்தோஷப்படும். ‘வேறு’ என்று போட்டால் மனேஜர் போன் எடுத்து விளக்கம் கேட்பார். விளக்கத்தைச் சொன்னால் லீவு எடுத்துக்கொள்ளச் சொல்வார். அதனால் உண்மையான காரணங்களை நான் எங்கும் எழுதவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

எங்கள் தொட்டிகளில் கடைசித் தொட்டிக்குச் சாட்சித் தொட்டி என்று பெயர். சுத்தமான தண்ணீர் வெளியே போவதற்கு முன் அதற்குள்ளால் ஓடும். அதில் பத்துத் திலாப்பியாக் குஞ்சுகள் விடுவோம். மீன் உயிரோடிருந்தால் தண்ணீர் சரி. ஆய்வுகூட அறிக்கையை முதலாளிமார் வாசிப்பதில்லை, ஆனால் செத்த மீனை எவருக்கும் அடையாளம் தெரியும்.

எனக்கென்று ஒரு சாட்சியும் இருந்தது. என் தங்கச்சி மெர்சி மதுரங்குளிப் பக்கம் ஒரு வாய்க்காலோரம் தனியாக இருக்கிறாள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். வாய்க்காலின் மேல்முனையில் ஒரு தேங்காய் மில். உடைத்த தேங்காயின் தண்ணீரும் கழுவின தண்ணீரும் புளித்துக் கறுத்து அந்த வழியால்தான் வரும். கிணறு கெட்டால் அவளுக்குத் தொழிலும் இல்லை, அந்த வீட்டில் இருக்கவும் முடியாது. கொசுப் புழுவைத் தின்ன எங்கள் பக்கத்தில் எல்லோரும் விடுகிற மாதிரி அவளும் கிணற்றில் ஒரு மீன் விட்டிருந்தாள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் என் சுற்று. வானை விட்டு இறங்கியதும் கிணற்றை எட்டிப் பார்ப்பேன். மீன் மேலே வந்து என்னைப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் தேநீரில் கை வைப்பேன். மெர்சி ஒவ்வொரு முறையும் ஒரே வசனத்தைத்தான் சொல்வாள்: “பாத்திட்டீங்களா அக்கா? உங்கட சாட்சி உசிரோடதான் இருக்கு.”

கட்டிக்குள் கை

கற்பிட்டியில் ஒரு ஹாஜியாருக்கு ஐஸ் பெக்டரி இருந்தது. கழுவும் தண்ணீர், உப்புத் தண்ணீர், எண்ணெய்த் தண்ணீர் எல்லாம் பின்பக்க மணலில் போகும். அதிலிருந்து பத்துக் காலடித் தூரத்தில்தான் ஐஸுக்குத் தண்ணீர் எடுக்கிற கிணறு. சட்டத்தைச் சொல்லிக் கடிதங்கள் வந்தன. ஹாஜியார் அவற்றைப் பத்திரமாக அலுமாரியில் வைத்திருந்தார். நான் மூன்று வருஷம் போனேன். மூன்று வருஷமும் நல்ல பிளேன்டீ கிடைத்தது.

பிறகு ஒருநாள் அவரே வரச்சொன்னார். மீன்பிடி போட்டுக்காரர்கள் ஐஸ் எடுக்க மறுக்கிறார்களாம். ஒரு கட்டியைக் காட்டினார். நடுவில் வெள்ளையாக ஒரு கை இருந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும், ஐந்து விரலும் கணக்காக. நான் படித்ததைச் சொன்னேன்: தண்ணீர் வெளிப்பக்கமிருந்து உறையும், ஊத்தையும் உப்பும் நடுவுக்குத் தள்ளுப்பட்டுக் கடைசியில் வெள்ளையாக உறையும், அவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த நாள் கட்டியில் அந்தக் கை பாதி மூடியிருந்தது. மூன்றாம் நாள் கட்டியில் பொத்திப் பிடித்திருந்தது. அதற்கு நான் படித்ததில் விளக்கம் இல்லை. பிளேன்டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டேன், ஏனென்றால் அதுவும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

தொட்டியும் வடிகட்டியும் போட்ட பிறகு கட்டி கண்ணாடி மாதிரி வந்தது. படிவத்தில் ‘நற்பெயர்’ என்று சரி போட்டேன். கையெழுத்து வைக்கும்போது ஹாஜியார் சொன்னார்: “தண்ணி சுத்தமா ஈக்கிது எண்டு நான் சத்தியம் செஞ்சாலும் ஒருத்தரும் நம்பல்ல மிஸ், கட்டிக்குள்ள கை இல்லாட்டித்தான் ஐஸ் ஏத்துறாங்க.”

வீடு தெரிந்த செருப்பு

சிறில் அண்ணனின் இறால் பண்ணை முந்தல் பக்கம், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்போரமாக இருக்கிறது. குளத்துப் பழைய தண்ணீரை ஒரு வாய்க்காலால் களப்புக்கு விடுவார், புதுத் தண்ணீரை இன்னொரு வாய்க்காலால் எடுப்பார். களப்பு எவ்வளவு பெரிது, நான் விடுவது எங்கேயோ போய்விடும் என்பது அவருடைய வாதம். பக்கத்துப் பண்ணைக்காரர் வெள்ளைப் புள்ளி நோயில் இறாலை எல்லாம் பறிகொடுத்து, குளங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய்விட்டார். தண்ணீருக்குக் காற்றடிக்கும் சக்கரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. மின்சாரம் வெட்டி வருஷக்கணக்காகிறது. நான் போன ஒரு பட்டப்பகலில் அவற்றில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. காற்று என்று சொன்னேன். அப்படியானால் மற்றதுகள் ஏன் சும்மா நிற்கின்றன என்று நவ்பர் நானா கேட்டார். எனக்குக் காது கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அந்த மாதம் சிறில் அண்ணனின் வலது செருப்பு, நீலப் பட்டி போட்டது, வெளியே போகும் வாய்க்காலில் விழுந்து இழுபட்டுப் போய்விட்டது. ஒன்பதாம் நாள் காலையில் உள்ளே எடுக்கும் வாய்க்காலடியில் அது இருந்தது. கம்பி வலையில் சிக்கிக் கிடந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். வலைக்கு மேலே சேற்றுப் படியில், யாரோ கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போன மாதிரி, முன்பக்கம் அவர் வீட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தது.

சிறில் அண்ணன் அன்றைக்கே போன் எடுத்தார். தண்ணீரை வெளியே விடாமல் பண்ணைக்குள்ளேயே சுத்தம் பண்ணித் திரும்பப் பாவிக்கும் தொட்டிகள் வேண்டுமாம். பத்து வருஷத்துக்கு முன் நான் சொன்னபோது சிரித்த அதே தொட்டிகள். ‘செலவு மிச்சம்’ என்று சரி போட்டேன். அவர் இடது செருப்பையும் கழற்றி அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்று சொன்னார்: “நான் வெளிய விட்டது எல்லாமே இப்பிடித்தான் திரும்பி வந்திருக்கு மிஸ், செருப்பெண்டபடியாத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது.”

ஐந்தாம் நம்பர் அறை

கண்டக்குழியில் காற்றாடியைப் பிடித்துப் பலகையில் கடல்மேல் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரருக்கென்று றொஷான் தம்பி ஒரு லொட்ஜ் கட்டியிருந்தார். இத்தாலியில் உழைத்துக் கட்டியது. அதில் ஐந்தாம் நம்பர் அறையில் யாரும் இரண்டு நாளுக்கு மேல் தங்குவதில்லை. மத்தியானம் சரிந்து படுத்தால் தரைக்குக் கீழே யாரோ மூச்சு விடுகிறார்களாம். சுவாமியாரைக் கூப்பிட்டுத் தண்ணீர் தெளித்தும் நிற்கவில்லை. மலசலகூடக் குழி நிரம்பியிருக்கலாம் என்று என்னைக் கூப்பிட்டார். நான் மண்டியிட்டுத் தரையில் காதை வைத்தேன். நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு உள்ளே போனது. நான் மூச்சைப் பிடித்தேன். அதுவும் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினேன். வயது போய்விட்டது என்று பகிடியாகச் சொல்லிச் சமாளித்தேன்.

காரணத்தைக் கடற்கரையில் கண்டுபிடித்தேன். குழியிலிருந்து கடலுக்கு மணலுக்கடியால் ஒரு குழாய் போயிருந்தது. அலை வந்தால் காற்றைத் தள்ளும், போனால் இழுக்கும். றொஷான் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். குழாயைச் சீமெந்தால் அடைத்து, தொட்டி கட்டி, ‘சட்டம்’ என்று சரி போட்டேன். அடுத்த மாதம் போனபோது அறை கூட்டுகிற ரீட்டா அக்காவிடம் இப்போது எப்படி என்று கேட்டேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சத்தம் நிண்டிட்டு மிஸ், ஆனா நான் கூட்டேக்க அது மூச்ச அடக்கிக்கொண்டு காது குடுக்கிற மாதிரி இருக்கு.”

நனையாத சாமான்

இனி மெர்சி வீட்டுக்கு மேலே இருக்கும் தேங்காய் மில். முதலாளி பெயர் பீற்றர். ஆறு வருஷம் அவர் பின்னால் அலைந்தேன். சட்டம் என்றேன். வழக்கு வந்தால் பார்ப்போம் என்றார். செலவு மிச்சம் என்றேன். வாய்க்காலில் விடுவதற்கு என்ன செலவு என்று கேட்டார். நற்பெயர் என்றேன். தேங்காய்க்கு என்ன நற்பெயர் என்று சிரித்தார். கடைசியில் ஐஸுக்குள் இருந்த கையைக்கூடச் சொல்லிப் பார்த்தேன். தன் மில்லில் ஐஸ் இல்லை என்றார்.

பிறகு கடல் கடந்து ஒரு கடிதம் வந்தது. கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணாத மில்லில் இனித் தேங்காய்ப்பூ வாங்கமாட்டோம், தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அதைக் கட்டியவர்கள் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும். ஆறு வருஷம் நான் கெஞ்சிய வேலை மூன்றே மாதத்தில் முடிந்தது. திறப்பு விழாவுக்குப் பாற்சோறு, ரிப்பன் எல்லாம் இருந்தது. தொட்டியை மேற்பார்வை செய்து கட்டியவர் என்று என் பெயரைப் போட்டுப் பெரிய பலகையொன்றும் வைத்தார்கள். மெர்சி ஒரு பெட்டி இடியப்பத்தோடு வந்து, பலகையில் என் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கிணறு தப்பிவிட்டது என்று நினைத்தேன். ‘வெளிநாட்டு வாங்குபவர்’ என்ற கட்டத்தில் முதல் தடவையாக உண்மையாகவே ஒரு சரி போட்டேன். காற்று ஊதும் மோட்டரைப் பீற்றர் முதலாளி கையால் தடவி, படம் எடுக்கிறவர் போகும் வரைக்கும் நின்று சொன்னார்: “எங்கட மில்லில இவ்வளவு வடிவான சாமான் வேற ஒண்டும் இல்ல மிஸ், நனையாமப் பாத்துக்கொள்ளுவன்.”

பத்து வால்

அதே செவ்வாய்க்கிழமைச் சுற்றில் மீனை டின்னில் அடைக்கும் ஒரு பெக்டரியும் உண்டு. அங்கே சாட்சித் தொட்டியில் மீன் சாகவே இல்லை. ஒரு வருஷம் பார்த்தேன். ஒன்றும் சாகவில்லை, ஒன்றும் வளரவுமில்லை. திலாப்பியா ஒரு வருஷத்தில் உள்ளங்கை அளவு வரவேண்டும். இவை வந்த நாளில் இருந்த மாதிரியே பெருவிரல் அளவில் நின்றன. நான் தொட்டியடிக்குப் போனால் பத்தும் ஒரே பக்கம் திரும்பி என்னைப் பார்க்கும். முதலில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு பிடிக்காமல் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் பார்க்காத நேரம் ஒரு மீனைப் பிடித்து, நகவெட்டியால் வாலின் மேல்நுனியில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி விட்டேன். அடுத்த மாதம் அந்த வாலைத் தேடினேன். முதல் மீனுக்கு வெட்டு இருந்தது. அப்பாடா, அதே மீன்தான் என்று மூச்சு விட்டேன். இரண்டாவது மீன் திரும்பியது. அதற்கும் அதே இடத்தில் வெட்டு. மூன்றாவதற்கும். பத்து மீனுக்கும் ஒரே இடத்தில், ஒரே அளவில் வால் வெட்டியிருந்தது.

காவற்காரர் சூசை அண்ணன் எனக்குப் பின்னால் வந்து நின்றார். கெட்ட மனுஷன் இல்லை. மீன் செத்தால் வேலை போய்விடும் என்று அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவேன் என்பதால், திங்கட்கிழமை பின்னேரம் குளத்தில் குஞ்சு பிடித்துக்கொண்டு வந்து மாற்றிவிடுவாராம். இந்த முறை செத்த பத்தையும் அள்ளும்போது ஒன்றுக்கு வால் வெட்டியிருந்ததைக் கண்டாராம். எறிந்தபிறகு அது எந்த அளவு மீன் என்று ஞாபகம் வரவில்லையாம். கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “எதுக்கு எண்டு தெரியல்ல மிஸ், அதான் எல்லாத்துக்கும் வெட்டிட்டன்.”

தலவில போனவள்

அன்றைக்கே இந்தக் கதையை மெர்சிக்கும் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சீனி எடுத்துவர உள்ளே போனாள். சீனிப் போத்தல் எனக்கு முன்னால் மேசையிலேயே இருந்தது. கிணற்று மீன் மெலிந்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டதற்கு, அதுக்கும் வயது போகுதுதானே என்றாள். தேநீர் எப்போதும்போல நல்ல ருசியாக இருந்தது.

ஆவணியில் தலவில அன்னம்மாள் திருநாளுக்கு அவள் ஊர் ஆட்களோடு வான் பிடித்துப் போனாள். ஓலைக் கொட்டில் போட்டு நான்கு நாள் தங்குவார்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் வேறு வேலையாக மதுரங்குளிக்கு வந்தேன், கோழிக்குத் தீனி போட்டுவிட்டுப் போகலாம் என்று வானைத் திருப்பச் சொன்னேன். நவ்பர் நானா ஏனோ இன்னொரு நாள் போகலாம் என்றார். அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை.

வாய்க்கால் கறுப்பாகக் கிடந்தது. அதன் மேல் பால் ஆடை மாதிரி வெள்ளையாக ஒரு தோல். நல்ல மழை பெய்து விட்டிருந்தும் ஒரு தவளைச் சத்தம் இல்லை. மில் மோட்டரின் உறுமல் அங்கே நன்றாகக் கேட்கவேண்டும், அதுவும் இல்லை. கிணற்று மூடியைத் தூக்கினேன். மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மேலே இருந்த ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்து, அது அப்போதும் என்னைப் பார்த்த மாதிரித்தான் இருந்தது. தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். புளித்தது. இடியப்பம் அவிக்கும் குசினி வாசலில் தட்டால் மூடிய ஒரு வாளி. அதற்குள் மூன்று குஞ்சு மீன்கள், மூன்றும் ஒரே பக்கம் பார்த்தபடி. பக்கத்தில் சைக்கிள். அதன் இரண்டு பக்கமும் ஊர்க் கோயில் குழாயில் தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் கான்கள். நான் மாதா மாதம் ருசித்துக் குடித்த தேநீர் எந்தத் தண்ணீரில் போட்டது என்று அப்போதுதான் விளங்கியது.

நவ்பர் நானா மாமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சாட்சித் தொட்டிகளுக்கு நாங்கள் குஞ்சு ஏற்றுகிற வானிலிருந்து மெர்சி இரண்டு மூன்று கேட்பாளாம், கொடுப்பாராம். ஒரு வருஷத்துக்கு மேலாக. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க கேக்கல்லையே மிஸ் என்றார். ஞாயிறு பின்னேரம் கால் நிறைய மணலோடும் கடலைப் பொட்டலங்களோடும் மெர்சி வந்து இறங்கினாள். நான் வாளியை நடு முற்றத்தில் வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்தேன். அழுது முடித்திருந்தேன். அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையைக் கீழே வைத்தாள். “உங்கட பேர் போட்ட பலகைய ஊருக்கெல்லாம் காட்டினன் அக்கா. அந்தத் தண்ணியில என்ர மீன் செத்துப் போச்செண்டு எந்த வாயால சொல்லுறது?”

கிளாஸுக்குள் சாட்சி

அடுத்த நாள் காலையிலேயே மில்லுக்குப் போனேன். வாசற்காரர் என்னைக் கண்டு பேயைக் கண்டவர் மாதிரி எழும்பி, மிஸ் இண்டைக்குத் திங்கள் என்றார். எனக்கும் தெரியும் என்றேன். மோட்டர் பொலித்தீன் போர்வைக்குள் சொட்டு நனையாமல் இருந்தது. காற்றுக் குழாய்களில் சிலந்தி வலை. முதல் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் போர்வையைக் கழற்றி மோட்டரை உறும விட்டு, வாய்க்காலையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வைத்திருக்கிறார்கள். சாட்சித் தொட்டியில் மட்டும் ஒரு குழாயால் நல்ல தண்ணீர் விழ, பத்து மீனும் சுகமாகத் திரிந்தன. நேரம் தவறாதவள் என்று பதினாறு வருஷம் எனக்கிருந்த பெருமையைப் பற்றி இனி நான் பேசமாட்டேன். அந்தப் பலகையும் என் கையெழுத்துமாகச் சேர்ந்துதான் என் தங்கச்சியின் கிணற்றைக் கெடுத்திருக்கிறோம்.

பீற்றர் முதலாளியின் மேசையில் இந்த வருஷக் கடிதம் என் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த வாரம் தேங்காய்ப்பூக் கொள்கலன் கப்பலேற வேண்டும். நான் மெர்சி கிணற்றுத் தண்ணீரை ஒரு கிளாஸில் ஊற்றி, வாளியிலிருந்த மீனில் ஒன்றை அதற்குள் விட்டு, கடிதத்தின் மேல் வைத்தேன். மீன் இதற்குள் நின்று பிழைத்தால் கையெழுத்து, இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் கொழும்புக்குப் போன் எடுத்துக் கொடுத்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டு வா, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்றார் மனேஜர். மீனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். வேலை போனால் மெர்சியோடு சேர்ந்து இடியப்பம் அவிக்கவும் அங்கே நல்ல தண்ணீர் இல்லை.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு முதலாளி பக்கம் திரும்பி நின்றது. அவர் ஒரு விரலால் கிளாஸை மெதுவாகத் திருப்பினார். மீனும் திரும்பி மறுபடி அவரையே பார்த்தது. அவர் கதிரையை ஜன்னல் பக்கம் தள்ளினார். அது அந்தப் பக்கம் திரும்பியது. போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. மீன் ஒருபக்கமாகச் சரியத் தொடங்கியது, கண் மட்டும் அவரை விட்டு அசையவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிகவும் மெல்லிய குரலில் சொன்னார்: “அது என்னையேதான் பாக்குது மிஸ், கிளாஸ எடுங்க, மோட்டரப் போடச் சொல்லுறன்.”

மோட்டர் ஓடத் தொடங்கி ஒரு மாதம், முன்னறிவிப்பில்லாமல் நான்கு தரம் போய்ப் பார்த்த பிறகுதான் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். கொள்கலனும் அது வரைக்கும் காத்திருந்தது. புதுப் படிவமொன்று எடுத்து, ‘வேறு’ என்ற கட்டத்தில் சரி போட்டு, பக்கத்தில் ‘மீன் பார்த்தது’ என்று எழுதி அனுப்பினேன். மனேஜர் போன் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். என் வேலை இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் ஆய்வுக்கு வருவதில்லை. கிளாஸ் மீனை நான் குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரில் ஊற்றிக் காப்பாற்றி, இரண்டு மழைக்காலம் கழிந்து கிணறு தெளிந்ததும் மெர்சி கையாலேயே அதற்குள் விட்டோம். அவள் கோயில் குழாய்க்குப் போவதை நிறுத்திவிட்டாள். மில் மோட்டர் இரைச்சலில் குசினியில் ரேடியோ கேட்கவில்லை என்று இப்போது என்னைத்தான் திட்டுகிறாள். நானும் இப்போது எந்தக் கிழமை வருவேன் என்று எனக்கே தெரியாத மாதிரிப் போகிறேன். எட்டிப் பார்த்தால் மீன் மேலே வந்து பார்க்கிறது. போன தடவை கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. வெளிச்சம் அப்படி என்கிறாள் மெர்சி. நவ்பர் நானா மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நகவெட்டி என் கைப்பையில்தான் இருக்கிறது, இன்னும் வெளியே எடுக்கவில்லை.

பதினாறு வருஷத்தில் நான் படித்தது இவ்வளவுதான்: மீன் உயிரோடிருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஓம், இருக்கிறது என்பார்கள், அதே மீன்தானா என்று கேட்டால்தான் ஒவ்வொருவராகச் சீனி எடுக்க உள்ளே போவார்கள்.